ஹனீபா பாய் பிரேம் போட்ட பாதி வானம்

அன்று காலை ஏழு மணிக்கு நான் வானம் போட்டுக்கொண்டிருந்தேன். கடை திறக்கும் முன் அரை மணி நேரம் படம் போடுவது என் பழக்கம். போத்தனூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவனுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்பதை நிறுத்திச் சில வருடமாகிறது. நீர்வண்ணத்தில் வானம் என்றால் 'வாஷ்' போட வேண்டும். தாளைச் சற்றுச் சரித்து வைத்து, நீலம் கரைத்த தண்ணீரை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இழுத்து வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு விழுந்து காய்ந்துவிடும். அந்தக் கோடு ஆயுசுக்கும் போகாது.

பாதி வானம் வந்திருந்தபோது போன் அடித்தது. திரையில் ஹனீபா பாய் என்று பெயர். கண்காட்சிக்கு இன்னும் படம் கொடுக்கவில்லை என்று திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இடது கையால் எடுத்து, "வாஷ்ல இருக்கறனுங்க பாய். ஊடே தீப்பத்திக்கிட்டாலும் திரும்பக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்று சொல்லிச் சிரித்து, மறுபேச்சுக் கேட்காமல் வைத்துவிட்டேன்.

வானம் நன்றாகவே வந்தது. பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கூப்பிட்டேன். பாயின் மனைவி நூர்ஜஹான் அம்மா எடுத்தார்.

"செல்வராஜுங்களா? அவரு போயிட்டாருங்க. விடியால சுபுஹு தொழுதுபோட்டு வந்து சேர்ல உக்காந்தாரு. நான் டீ ஆத்திட்டுத் திரும்பறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

பிறகு அவரே, "முன்னால கூப்பிட்டதும் நாந்தானுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்த நேரத்தில் என் மனதுக்குள் முதலில் வந்தது அழுகை இல்லை. வால்பாறையில் நடந்தது இனி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதுதான் வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சு லேசானது. அடுத்த நொடியே அதே வார்த்தைகள் திரும்பி வந்து என்னைப் பயமுறுத்தின. இனி யாருக்கும் தெரியாது. வால்பாறையில் அந்த மனிதர் செய்தது இனி யாருக்குமே தெரியாது.

பாயை அறியாதவர்களும் இந்தக் கண்காட்சி மலரைப் புரட்டலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். கோட்டைமேட்டில் பிரேம் கடை வைத்திருந்தார். நம் நீர்வண்ணச் சங்கத்துக்கு ரொம்ப வருடமாகச் செயலாளர். வருடாந்தரக் கண்காட்சியில் அத்தனை படத்துக்கும் நூல் பிடித்து மட்டம் பார்த்து ஆணி அடித்தது அவர் கை. "படம் கோணலா இருந்தா அதைய கலைன்னு சொல்லிக்கலாமுங்க. பிரேம் கோணலா இருந்தா அது என் தப்பு" என்பார்.

சங்கத்துக்கு நான் ஓவியனாக வரவில்லை, டிரைவராக வந்தேன். மகள் தாரிணி அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் பிளாஸ்டிக் ஸ்டூலோடு உக்கடம் பெரியகுளத்துக் கரையில் உட்கார்ந்து வரைவார்கள். அவளை இறக்கிவிட்டு நான் வண்டி மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். மூன்றாவது வாரம் பாய் ஒரு தாளையும் பிரஷையும் கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க பாய். நான் பத்தாவதுதானுங்க" என்றேன். பத்தாவதோடு நின்றவன் குளத்தை வரையக் கூடாது என்று கவர்மெண்டில் உத்தரவு போட்டது போல.

நானூற்று நாற்பது வோல்ட்டில் புழங்குகிற கை, வெள்ளைத் தாளுக்கு முன்னால் நடுங்கியது. பாய் பார்த்துவிட்டார். "பயம் அல்லாருக்கும் இருக்குதுங்க. அதைய கையில வெச்சுக்காதீங்க, எறக்கிக் கால்ல உட்ருங்க. படம் போடறதுக்குக் காலு வேண்டியதில்ல" என்றார். வேடிக்கை என்னவென்றால், அது பலித்தது. ஸ்டூலுக்கடியில் இரண்டு காலும் தையல் மிஷின் மிதிப்பது போல ஆடின, கை நின்றது. குளம் மட்டும் ஆயில் கொட்டிய ஒர்க்‌ஷாப் தரை மாதிரி வந்திருந்தது.

நம் சங்கத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வரைந்து முடித்ததும் எல்லாத் தாளையும் தரையில் பரப்பி, மூலைக்கு ஒரு கல் வைத்து, சுற்றி நின்று பேசுவோம். போட்டவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அன்று தலைவர் லூர்துமேரி அம்மா என் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எருமை நல்லா வந்திருக்குதுங்க" என்றார். அது பரிசல். சொல்ல வாயெடுத்தேன். பாய் உதட்டில் விரல் வைத்துத் தடுத்தார். "போட்டவரு பேசக் கூடாதுங்க. பேசித்தான் வெளங்க வெக்கோணும்னா, படம் எதுக்கு, எழுதியே குடுத்துபோடலாமே" என்றார். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன், பாய்.

சங்கத்தோடு வால்பாறைக்குப் படம் போடப் போனது மூன்று வருடத்துக்கு முன். தாரிணி ப்ளஸ் ஒன். வேனில் நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கும் நாற்பது தடவை கண்ணை மூடினேன். எஸ்டேட் வாட்ச்மேன், "மூணு மணிக்கு மேல ஓடைப்பக்கம் எறங்காதீங்க, ஆனை தண்ணிக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது மணி இரண்டு. யானை கடிகாரம் பார்த்து வரும் என்று நாங்களும் நம்பிவிட்டோம்.

இரண்டரைக்கு மற்றவர்கள் சாப்பாட்டுக்காக மேலே வேனுக்குப் போனார்கள். ரோட்டோரத்தில் நானும் பாயும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டுத் தாரிணி வரைந்துகொண்டிருந்தாள். மஞ்சள் ஸ்வெட்டர், காதில் இயர்போன். நான் வானத்துக்கு வாஷ் இழுத்துக்கொண்டிருந்தேன். பாதி வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் ஒரு நிழல். அந்த நிழலுக்கு எந்தச் சாம்பல் கலப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு நிழலுக்குக் காது அசைந்தது.

அவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு டவுன்பஸ் நிறுத்தலாம். இரண்டு நிறுத்த முடியாது.

எழுந்தேன் என்பது நினைவிருக்கிறது. பிரஷ் கையிலேயே இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று வந்தது, பேர் வரவில்லை. போக வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. இரண்டு வருடமாகக் காலில் இறக்கி இறக்கி வைத்த பயமெல்லாம் அங்கேயே தேங்கி என்னை நட்டுவைத்துவிட்டது. பெற்ற பிள்ளை கீழே உட்கார்ந்திருக்கிறாள். நான் மேலே நின்றுகொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பாய் ஒரு தடவை யானையைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிரஷைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். அவர் தாளில் மலை ஈரமாக இருந்தது. வீடு பற்றிக்கொண்டாலும் திரும்பக் கூடாது என்றவர், அதை அப்படியே போட்டுவிட்டுப் போனார்.

ஓடவில்லை. அறுபது தாண்டிய ஆள், முழங்கால் வலி, இழுப்பு வேறு. கொழுந்து பறிக்கிறவர்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையில், மளிகைக் கடைக்குப் போகிறவர் போலப் போனார். பின்னாலிருந்து தொட்டால் அவள் அலறுவாள் என்று சுற்றிப்போய் முன்பக்கம் வந்து நின்றார். யானைக்கும் அவளுக்கும் நடுவில் அவர் முதுகு. அவள் நிமிர்ந்ததும் உதட்டில் விரல் வைத்தார். நம் சங்கத்தில் போட்டவர் வாயை அடைக்கிற அதே விரல். அவளும் பேசாமல் எழுந்தாள். யானையின் காது ஆடுவது நின்றுபோயிருந்தது. தும்பிக்கை மேலே எழுந்து இவர்கள் பக்கம் வளைந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவளை முன்னால் விட்டு, அதே நடையில் மேலே கூட்டி வந்தார். அவர்கள் பாதிச் சரிவு ஏறியபோது அது ஓடையைத் தாண்டி வந்து ஸ்டூலை மோந்து பார்த்தது. பிறகு வாட்ச்மேன் அந்த ஸ்டூலை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

தாரிணி என் மேல் விழுந்து நடுங்கினாள். வேன் பக்கமிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். பாய் மண்ணில் உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றார் லூர்துமேரி அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் திறந்துவிட்டார். "செல்வராஜுதானுங்க மொதல்ல பாத்தாரு. தான் போனா புள்ள அப்பான்னு கத்திரும், நீங்க போங்க பாய்னு என்னைய அனுப்புனாரு. வெவரமான மனுசன்."

"ஆமாப்பா. நீங்க வந்திருந்தா கத்தித்தான் இருப்பேன்" என்றாள் தாரிணி, என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டே.

இறங்கும்போது வேனில் பாய் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். வளைவுகளுக்குக் கண்ணை மூடவில்லை. அதைவிடப் பெரிய பயம் பிடித்திருந்தது. "பாய், நான் வந்துங்க…" என்று ஆரம்பித்தேன். அவர் வெளியே பார்த்தபடி, "வாஷ் காஞ்சுபோச்சுங்க. இனிமே அது மேல தடவுனா சேறாயிரும். உட்ருங்க" என்றார். அதோடு சரி. ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். என்னை வெளியூர்ப் பயணங்களுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கினீர்கள். விசில் ஒன்று வாங்கிக் கொடுத்தீர்கள். யானைக்கு முன் கால் வராதவன் கழுத்தில் விசில் தொங்கியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

அந்த வருடக் கண்காட்சிக்குப் போனால் நுழைந்ததும் வலப்பக்கம் என் வால்பாறைத் தாள் தொங்குகிறது. பாதி நீலம், நடுவில் ஒரு கோடு, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. நான் கசக்கி வேனில் போட்டது. பாய் எடுத்துப்போய் சுருக்கம் நீக்கி, கண்ணாடி போட்டு, தேக்கு பிரேமில் மாட்டியிருந்தார். நான் எந்த இடத்தில் நின்றேன் என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. வந்தவர்களெல்லாம் அதென்ன கோடு என்றுதான் கேட்டார்கள். "போட்டவரு பேசக் கூடாதுங்க. நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லி நகர்ந்துவிட்டார் பாய். என்னைக் காட்டிக்கொடுக்கிறாரா, காப்பாற்றுகிறாரா என்று அன்று விளங்கவில்லை. மூன்று வருடமாக அவர் தொண்டையைச் செருமினால்கூட, இதோ சொல்லப்போகிறார் என்று நினைப்பேன். இன்று யோசித்தால், கெட்டுப்போன தாள் என்று அவர் எதையுமே நினைத்ததில்லை என்று தோன்றுகிறது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிரேம் போடுவதும் மட்டம் பார்ப்பதும்தான்.

அடக்கம் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின். உடலைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க எனக்கும் இடம் விட்டார்கள். அன்று கால் நன்றாகத்தான் நடந்தது.

போன ஞாயிறு பெரியகுளத்துக் கரையில் அவருக்காகக் கூடினோம். நம் வழக்கப்படியே, அவரவரிடம் இருந்த பாய் பிரேம் போட்ட படத்தைத் தரையில் வைத்தோம். நான் பாதி வானத்தை வைத்தேன். பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கும் தாரிணி அதற்காகவே வந்திருந்தாள். அவள்தான் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினாள்.

"இந்தக் கோட்டுலதான் எங்கப்பா நிறுத்துனாரு. இங்க நின்னுதான் யோசிச்சு பாய் மாமாவ அனுப்புனாரு. ரெண்டு பேருல ஒருத்தரு இல்லீன்னாலும் நான் இன்னைக்கு இல்லீங்க."

போட்டவன் பேசக் கூடாது. நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லூர்துமேரி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் அந்த ரூலைத் தள்ளி வெச்சுக்கலாமுங்க. செல்வராஜ், நீங்க ஏதாச்சும் சொல்லோணுமா?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாரிணியும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. பிரேமு கொஞ்சம்கூடக் கோணாம நிக்குதுங்க" என்றேன்.

பாயிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தப் படம்தான். இப்போது அது காயில் சுற்றும் மிஷினுக்கு மேலே தொங்குகிறது. மட்டம் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறேன். மலருக்காக நான் கையால் எழுதுவதைத் தாரிணிதான் எப்போதும் டைப் அடித்துத் தருவாள். இதையும் அவள் கையில்தான் கொடுக்க வேண்டும். காய்ந்த வாஷ் மேல் தடவுகிறேன், சேறாகத்தான் ஆகும் என்று தெரிகிறது. காலில் இருந்த பயம் இப்போது கைக்கு ஏறிவிட்டது. எழுத்து சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்ளட்டும். அன்று குளத்தங்கரையில் அத்தனை பேர் கேட்டும் என் வாயிலிருந்து வராதது இதுதான்:

நான் யாரையும் அனுப்பவில்லை, கண்ணு. பாய் அவராகத்தான் போனார்.