அக்காளின் இடது பக்கம்

என் கணவரின் அண்ணன் மனைவிக்கு நிலா மூன்றாகத் தெரிந்தது. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பொழுது சாய்ந்ததும் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோமானால், பனைக்கு மேலே ஒன்று, அதன் தோளை ஒட்டி ஒன்று, கொஞ்சம் தள்ளிக் கரைந்த மாதிரி ஒன்று என்று விரல் நீட்டிக் காட்டுவாள். எனக்கு மட்டும் ஒன்றே ஒன்று, இது என்ன ஓரவஞ்சனை என்று நான் சலித்துக்கொள்வேன். அவள் சிரிப்பாள். சிரிக்கிற விஷயம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்கு இருந்ததே ஒரு கண். அதில்தான் புரை வளர்ந்து நிலாவை மூன்றாக உடைத்துக்கொண்டிருந்தது. இடது கண் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. அது போனதில் எனக்குப் பங்கு உண்டு.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் வீடும் காடும், அதாவது புன்செய் நிலமும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். வாய் கொஞ்சம் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே பேர் வாங்கியவள் நான். புகுந்த வீட்டிலும் அந்தப் பேரைக் காப்பாற்றினேன். அக்காளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு மூன்றாம் வருஷம் தலைச்சன் பையன் பிறந்தான். பால் குடிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவன் அவள் இடுப்பில்தான் கிடந்தான்.

அந்தத் தை மாசம் களத்தில் கம்பு தூற்றிக்கொண்டிருந்தோம். முறத்தை அவள் தலைக்கு மேலே உயர்த்தியபோது காற்று சட்டென்று திரும்பியது. உமி ஒன்று இடது கண்ணில் ஏறிவிட்டது. முந்தானையால் கசக்கினாள், தண்ணீர் அடித்தாள், வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் டாக்டரைத் தேடிப் போக மாட்டார்கள். தலைச்சன் ஆண் குழந்தை பெற்றவளின் பாலை, பொழுது கிளம்புமுன், மார்பிலிருந்து நேராகக் கண்ணில் பீச்ச வேண்டும். ஒன்பது நாள் விடாமல் செய்தால் எந்தக் கண்நோயும் ஓடிவிடும் என்பார்கள். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் அந்தத் தகுதி எனக்கு மட்டும்தான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷமாக உப்புப் போடுவதற்குக்கூட என்னை நம்பாத வீடு அது.

அந்த விடியல்கள் இன்னும் எனக்குள் மிதக்கின்றன. மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் மேல் நான் சம்மணம் போட்டு உட்காருவேன். அக்கா வந்து என் மடியில் தலை வைப்பாள். பையன் பக்கத்தில் துணியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பான். மாட்டின் மூச்சும் வைக்கோல் வாசனையும் கலந்து, கூரை ஓட்டை வழியாக ஒரு சாம்பல் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு விரலால் இமையை விரித்து மூன்று சொட்டு விடுவேன். வெதுவெதுப்பாக இறங்கும் போலிருக்கிறது. சுகமாக இருக்கிறது என்று முணுமுணுப்பாள். அப்படியே கொஞ்ச நேரம் கிடப்போம். உலகத்தில் வேறு யாருமே எழுந்திருக்காத மாதிரி இருக்கும். சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்வானேன்.

ஆறாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. கடுகு அளவுகூட இருக்காது. பால்தான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். போகவில்லை. மறுநாள் பொட்டு கொஞ்சம் பெரிதாக இருந்தது. நேற்றைய பாலோடு இன்றைய பாலும் சேர்ந்து உறைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் ஊற்றினேன். எட்டாம் நாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போதாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், பாலில் குற்றம் என்பார்கள், இவள் கை ராசி அப்படி என்பார்கள். வாயாடி என்று பேர் எடுத்தவள் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அவள் வலி பொறுக்காமல் சுவரில் முட்டிக்கொண்டாள். கருவிழி முழுக்க வெளுத்து, கண்ணில் பூ விழுந்திருந்தது.

சேலத்துக்கு பஸ் ஏறினோம். மூத்தார், அதாவது அக்காளின் கணவர், முன் சீட்டில். நாங்கள் இரண்டு பேரும் பின்னால். அந்தச் சத்தத்தில் அவள் காதோரம் வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், ஆறாம் நாளே பார்த்தேன் என்று. அவள் வலியோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, ஒரே ராத்திரியில வெளுத்துப் போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ மூச்சு விடாத புள்ள. உன்ற தலையில கட்டிருவாங்க.”

அப்படியே சொன்னாள், டாக்டரிடமும் வீட்டாரிடமும். நாள் கடந்துவிட்டது, இனி கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையெழுத்து என்று வீடு அழுது ஓய்ந்தது. என் மேல் பழியாக ஒரு சொல் விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்தேன்.

ஒற்றைக் கண்ணோடு வாழ்வது வேறு கணக்கு. எது கிட்டே, எது தூரம் என்று முதலில் பிடிபடாது. டம்ளருக்கு ஊற்றுகிற தண்ணீர் தரைக்குப் போகும். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட வைத்துவிட்டுத்தான் சாய்ப்பாள். நான் கிணற்றுப் படி விளிம்புகளில் சுண்ணாம்பு தடவி வைத்தேன். மோரை எப்போதும் கறுப்புச் சட்டியில்தான் வைத்தோம், வெள்ளை தெரிய வேண்டும் என்று. வெளியே போனால் நான் அவளுடைய இடது பக்கம் நடப்பேன். அந்தப் பக்கத்து மாடு, வண்டி, பள்ளம் எல்லாம் என் பொறுப்பு. வருஷங்கள் போகப் போக அது நடைக்கான ஏற்பாடு என்பதே மறந்து, தூக்கத்தில்கூட அவளுக்கு இடப் பக்கம்தான் படுத்தேன்.

ஒற்றைக் கண் எதிரே வந்தால் சகுனத்தடை என்று சிலர் அவளைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். அப்படித் திரும்பிய ஒருத்தி மேல் நான் சாணித் தண்ணீரை ஊற்றி, இப்போது சகுனம் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். அக்காளுக்கு அந்தக் கோபமெல்லாம் கிடையாது. அவள் அதையே ஆயுதமாக்கிக்கொண்டாள். மூத்தார் நல்ல காளையை விற்கிறேன் என்று சந்தைக்குக் கிளம்பினால் இவள் அசையாமல் வந்து எதிரே நிற்பாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய், வெளி வேட்டியை அவிழ்த்துக் கொடியில் மாட்டுவார். மூன்று வருஷம் அந்தக் காளை விற்கப்படவே இல்லை.

பிறகுதான் இருந்த கண்ணிலும் பனி இறங்கத் தொடங்கியது. முதலில் நிலா மூன்றானது. அப்புறம் வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, மங்கலில் கொஞ்சம் தெரிந்தது. ஆட்கள் புகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வருகிறார்கள் என்பாள். என் முகத்தைத் தடவிப் பார்த்து, நீ இளைத்துவிட்டாயா, இல்லை எனக்குத்தான் நீ கரைகிறாயா என்று கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

வருஷம் அறுபத்தைந்து, அறுபத்தாறு இருக்கும். சங்ககிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். மூத்தார், அக்கா, நான் மூன்று பேரும் போனோம். பெஞ்சுகளை அடுக்கிவிட்டு வகுப்பறை முழுக்கப் பாய் விரித்திருந்தார்கள். டாக்டர் வலது கண்ணைப் பார்த்தார், புரைதான், எடுக்கலாம் என்றார். பிறகு சுருங்கிப் போன இடது கண்ணைப் பார்த்துவிட்டு, இது எப்படிப் போனது என்று கேட்டார். உமி விழுந்தது, ஒரே ராத்திரியில் வெளுத்துவிட்டது என்று அக்கா பழைய பாடத்தை ஒப்பித்தாள். அவர் கையிலிருந்த விளக்கை அணைத்துவிட்டார். உமி பட்ட கண் ஒரே இரவில் இப்படிப் போகாது, உள்ளே வேறு நோய் இருந்திருக்க வேண்டும், அது இந்தக் கண்ணிலும் இருக்கலாம், மிஞ்சியிருக்கிற ஒரே கண்ணில் அந்த ஆபத்தோடு கத்தி வைக்க மாட்டேன் என்றார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அக்கா எழுந்துவிட்டாள். வா போகலாம் என்பது போல என் கையைத் தேடினாள். மூத்தார் வாசல்படியில் நின்றிருந்தார். இப்படியே விட்டால் இன்னும் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம்; அப்புறம் அவளுக்கு முழு இருட்டு.

“ஒரு ராத்திரி இல்லீங்க. பொய்யுங்க அது” என்றேன். “நான்தான் ஒம்பது நாளு தாய்ப்பால் ஊத்துனேன். ஆறாம் நாளே வெள்ளப் பொட்டுத் தெரிஞ்சுதுங்க. பாத்துட்டு, மறைச்சு, மறுக்காவும் ஊத்துனேனுங்க.”

அக்கா என் கையை உதறிவிட்டாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டாததுதான் தாங்கவில்லை. புண் சீழ் பிடித்து மெள்ளப் போன கண் அது, அப்படியென்றால் இந்தக் கண்ணுக்குப் பயமில்லை, எடுக்கலாம் என்றார். கண்ணில் எது விழுந்தாலும் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே வர வேண்டும், பாலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், தழைச் சாறும் வேண்டாம் என்று வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மூத்தார் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்.

அந்தக் கண் பிழைத்தது, தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்கப்புறம் இருபது வருஷம் உழைத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். ஆனால் அந்த ஒரு வாரம் எனக்கு அது தெரியாது. ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பையை அணைத்து வைத்திருந்தார்கள். அசையக் கூடாது, இருமக் கூடாது. நான் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வாயைத் திறப்பாள், விழுங்குவாள், அவ்வளவுதான். அவள் கட்டிக் காத்ததை நான் போட்டு உடைத்துவிட்டேன் என்ற கோபம். ரோட்டில் லாரிகள் ஏறி இறங்குகிற சத்தம் அந்த அறைக்குள் அலை அலையாக வந்துகொண்டிருந்தது. கட்டுப் போட்ட முகங்கள் வரிசையாக, எல்லோரும் ஒரே கனவைக் காண்கிற மாதிரி கிடந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், போகிற லாரி பாரம் ஏற்றியது, வருகிற லாரி காலி என்று அக்கா தானாகச் சொன்னாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் லாரிகளைப் பற்றியே பேசினோம்.

ஏழாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். நர்சம்மா விரலை நீட்ட, நிழல் மாதிரி மூன்று என்றாள் அக்கா. உண்மையிலேயே மூன்று விரல்தான். நர்சம்மா ஒரு சின்ன மருந்துச் சீசாவை எடுத்து, ஒரு மாசத்துக்குக் குறையாமல் வீட்டில் தினமும் மூன்று வேளை சொட்டு விட வேண்டும், யார் விடப் போகிறீர்கள் என்று கேட்டார்.

நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அக்காளின் வீட்டுக்காரர் இருக்கிறார், அவரே விடட்டும் என்றேன். மூத்தார் வாசலிலிருந்து உள்ளே வந்தார். எங்கள் பக்கத்தில் மூத்தாரும் தம்பி மனைவியும் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சோறு வேண்டும் என்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். அன்றைக்கு சீசாவை நர்சம்மாவிடமிருந்து வாங்கி, என் முகத்தைப் பார்த்து நீட்டினார்.

“நீயே ஊத்து அம்மிணி. ஏதாச்சும் தெரிஞ்சா, இனி நீ மறைக்க மாட்ட.”

அக்கா முகத்தை என் பக்கம் நிமிர்த்திக் காட்டினாள். நான் சோப்பை வாங்கிக்கொண்டு கை கழுவப் போனேன்.