ஆவணி பிறக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்

துணி வாங்குவதுதான் என் வேலை. கடை கடையாக ஏறி இறங்குகிற வேலை இல்லை. அமெரிக்கக் குழந்தைகள் குளிர் தொடங்கும்போது போட்டுக்கொள்கிற முழுக்கை பனியன்களை எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில் தைக்கக் கொடுப்பது என்று பார்க்கிற வேலை. அலுவலகம் டல்லாஸில், வீடு பக்கத்து ஊரான காப்பெலில். பிறந்து வளர்ந்தது திருப்பூர். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருஷம் வெளிநாட்டுக்காரர்களிடம் ஆர்டருக்காகக் கெஞ்சியிருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, கெஞ்சல்களைக் கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியின் திமிர் எனக்கு வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களாக எங்கள் மீட்டிங் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் ஆப்பிரிக்க வரைபடத்தைத் திரையில் போடுவார். அடுத்த திருப்பூர் அங்கேதான் என்பார்கள். அங்கே வேலை தேடுகிற இளவயசுக்காரர்கள் நிறைய, பருத்தி விளைகிறது, துறைமுகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாடுகளில் தைத்த உடுப்பு வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் வர ஒரு சட்டம் இருந்தது. படம் காட்டுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயங்களும் உண்டு. விளைந்த பருத்தி பெரும்பாலும் பொதியாகவே வெளியே போய்விடுகிறது. துணி வேறு நாட்டிலிருந்து வர வேண்டும். ஊசி, நூல், பட்டன்கூட கப்பலில்தான் வர வேண்டும். நூற்பு, நெசவு, சாயம் எல்லாம் அங்கேயே வேரூன்றினால்தான் அது நிற்கும். அதற்குக் காலம் வேண்டும், அதுவரை ஆர்டர் கொடுக்க யாராவது வேண்டும். நான் கொடுக்கலாம் என்று பேசினேன். உண்மையாகவே நம்பித்தான் பேசினேன்.

நம்பியதற்கு ஒரு காரணம், கென்யாவில் இருந்த ஓர் அண்ணா. கூடப் பிறந்தவர் இல்லை. திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே கட்டிங் மாஸ்டர். பிறகு கென்யாவுக்குப் போய் ஒரு தொழிற்சாலைக்கே மேனேஜராகிவிட்டார். இன்றைக்கும் என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஆர்டருக்காகவே அவர் முதலாளியிடம் போராடிப் புதிதாக ஒரு ஹால் திறந்தார். இரண்டு லைன், அதாவது இரண்டு வரிசைத் தையல் மிஷின்கள், முக்கால்வாசிப் பெண்கள். அதில் பலருக்கு அதுதான் முதல் வேலை.

போன வருஷம் பிப்ரவரியில் நேரில் போய்ப் பார்த்தேன். முதல் லைனுக்கு சூப்பர்வைசர் ஒரு முப்பது வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வேறொரு கம்பெனியில் ஹெல்ப்பராக இருந்து தையல் கற்றுக்கொண்டு, இப்போதுதான் ஒரு லைன் அவள் கைக்கு வந்திருந்தது. அங்கே வேலை பார்க்கிற எங்கள் ஊர் மாஸ்டர்களிடமிருந்து பொறுக்கிய இரண்டு தமிழ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு அந்த ஹாலையே ஆட்டிவைத்தாள். "சீக்கிரம், சீக்கிரம்!" என்று ஒரு சத்தம். "பிசிறு!" என்று இன்னொரு சத்தம். தொங்குகிற நூலுக்குத் திருப்பூரில் பிசிறு என்றுதான் பெயர். சும்மா சொல்லக்கூடாது, அவள் கைப்பட்டு வந்த சாம்பிள் பனியனில் மருந்துக்குக்கூட ஒரு பிசிறு கிடையாது.

சாயங்காலம் அவளே என்னைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணுக்கு எட்டின வரைக்கும் பழைய துணிக் குவியல், எல்லாம் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை. டெக்சாஸ் பள்ளிக்கூடம் ஒன்றின் கால்பந்து பனியன்கூட ஒரு குவியலில் கிடந்தது. காப்பெலில் நாங்கள் பை பையாகக் கட்டி நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொண்டது போல வீட்டுக்குப் போகிறோமே, அதுதான் இங்கே வந்து உள்ளூர் தையல்காரன் வயிற்றில் அடிக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்: "உங்க பழசு இங்க வருது மேடம். எங்க புதுசு அங்க போகட்டும். அப்ப வெட்கப்பட வேண்டாம்."

இது நடந்து ஐந்து மாதத்தில் ஆர்டர் தையலுக்கு வந்தது. எத்தனையோ புதுப்புது வரிகள் வந்து எங்களைக் குழப்பியடித்த வருஷம் அது. போதாததற்கு, அந்த வரிவிலக்குச் சட்டம் செப்டம்பர் கடைசியோடு முடிகிறது, நீட்டிப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் டைரக்டர் அமெரிக்கர், நல்ல மனிதர். ஜூலையில் என்னிடம் தெளிவாகவே சொன்னார்: "முதல் சரக்கு செப்டம்பருக்குள் வந்துவிட்டால், சட்டம் போனாலும் அந்த ஹாலுக்கு இன்னொரு சீசன் கொடுத்துப் பார்க்கலாம். வராவிட்டால் என்னால் மேலிடத்தில் பேச முடியாது." அதாவது அந்த ஹாலின் ஆயுசு அந்த ஒரு சரக்கில் இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம். காலை ஆறரைக்கு காபி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணா கூப்பிட்டார். அங்கே பிற்பகல். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அம்மிணி, சரக்கு ரெடிங்க. பெட்டியெல்லாம் ஒட்டியாச்சு. சனிக்கிழமை ஒரு கப்பல் இருக்குது. ஏத்தீரட்டுங்களா?"

எங்கள் சமையலறைச் சுவரில் இந்தியக் கடையில் இலவசமாகக் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. கண் தானாக அங்கே போனது. ஆடி.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திருப்பூரில் இருந்தவரை நல்ல நேரம் பார்ப்பவர்களைக் கிண்டல் பண்ணினவள் நான். இங்கே வந்து, விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்ததில் எப்படியோ காலண்டர் பைத்தியம் பிடித்துவிட்டது. வீடு வாங்கக் கையெழுத்துப் போடும் நாளை ராகு காலம் தள்ளி வைத்தேன். காப்பெலில் நான் மட்டும் இல்லை, பாதித் தமிழ் வீடுகள் அப்படித்தான். எங்களுக்கு வீடு விற்ற வெள்ளைக்கார அம்மா கையெழுத்து நேரம் குறிப்பதற்கு முன்னால், "உங்க ராகு டைம் முடிஞ்சுதா?" என்று தானே கேட்கிற அளவுக்கு எங்களால் தேறிவிட்டாள்.

"அண்ணா, இன்னும் ஆடி முடியலையே," என்றேன். "புது ஹாலோட மொத சரக்கு. ஆவணி பொறக்கட்டுமே. அடுத்த கப்பல் எப்போ?"

"அது ஆவணி ரெண்டுங்க. ஒம்பது நாள் தள்ளிப் போகுதுங்களே." கொஞ்சம் தயங்கினார். "ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்றதில்லீங்களா அம்மிணி? இதும் பருத்தி சமாச்சாரந்தானுங்க."

நான் சிரித்தேன். அவர் சொன்னதை ஒரு ஹாஸ்யமாக எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டது ஹாஸ்யம் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆர்டர் கொடுக்கிறவளிடம் வேறு எப்படித்தான் மறுத்துப் பேசுவார் பாவம்?

"அதுவும் செப்டம்பருக்குள்ள வந்துடும்ண்ணா. நான் ஷெட்யூல் பாத்துட்டேன்," என்றேன்.

"சரிங்க. நீங்க சொன்னாச் சரிதான்."

அதோடு விட்டேனா? கப்பல் மாற்றத்துக்கு அலுவலகத்தில் ஒரு காரணம் காட்ட வேண்டுமே. ஆடி என்று எழுத முடியுமா? எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்கிற பேக்கிங் லிஸ்ட்டை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது, அடுத்த கப்பலில் ஏற்றவும் என்று மெயில் தட்டினேன். டைரக்டருக்கும் ஒரு நகல் போனது. பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு குற்றமும் இல்லை.

காகிதத்தில் மூன்று நாள் மிச்சம் வைத்துத்தான் அந்த இரண்டாவது கப்பல் வர வேண்டும். நடுவில் ஒரு துறைமுகத்தில் சரக்கை வேறு கப்பலுக்கு மாற்றினார்கள். அங்கே நெரிசல். முதலில் இரண்டு நாள் தாமதம் என்றார்கள், பிறகு நான்கு, பிறகு ஆறு. தினமும் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் கப்பல் எங்கே என்று போனில் பார்ப்பேன். அந்தப் புள்ளி நகராமல் நின்றால் போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பேன். ஒன்பது நாள் முன்னால் போன முதல் கப்பல் ஹூஸ்டனில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியே போய்விட்டது. எங்கள் கன்டெய்னர் அக்டோபர் மூன்றாம் தேதி வந்தது. சட்டம் முடிந்து மூன்று நாள்.

அந்த வாரமே மீட்டிங். டைரக்டர் என் மெயிலைத் திரையில் போட்டார். "பேக்கிங் லிஸ்ட்டையே சரியாகப் போடத் தெரியாத புது ஹால். நம் அவசரம்தான் தப்பு," என்றார். தொழிற்சாலையின் பெயருக்கு நேராகச் சிவப்புக் குறி விழுந்தது. அடுத்த சீசன் வேறு நாட்டுக்கு என்று முடிவானது. மேசையைச் சுற்றி எட்டுப் பேர். நான் வாயைத் திறக்கவே இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, எதிரே இருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

அண்ணாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆர்டர் இல்லை என்பதை மட்டும் சொன்னேன். அவர் ஆடியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "விடுங்க அம்மிணி, கப்பல் லேட்டானா நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஹாலை மூடுகிறார்கள், இரண்டு லைனையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்றார். மற்ற ஹால்களில் இடம் இல்லையாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை என் போனுக்கு அந்த சூப்பர்வைசரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கூடவே ஒரு புகைப்படம். ஹாலின் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே ஆங்கிலத்தில், முதல் லைன் சார்பாக எழுதியிருந்தாள். எங்கள் தாமதத்துக்கு மன்னிக்கவும் மேடம். நாங்கள் புதியவர்கள். இனி வேகமாகத் தைப்போம்.

பக்கத்தில் பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள், பதினாறு வயது, எட்டிப் பார்த்துவிட்டு, "வாட் டிட் தே டூ?" என்று கேட்டாள். நான் தமிழில் நடந்ததைச் சொன்னேன். முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான், அவளிடம்தான். அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஸோ தே வேர் நாட் லேட்."

"இல்ல."

"அம்மா, யூ வேர் லேட்."

பெற்ற பெண்ணிடம் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு எழுந்து போய் முகம் கழுவினேன். அழுகை வந்தது. அழுதேன்.

திங்கட்கிழமை டைரக்டர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஆடி என்றால் என்ன என்று விளக்க எனக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. அவர் திட்டவில்லை. "இதை ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால் விமானத்திலாவது கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாமே," என்றார். தொழிற்சாலையின் சிவப்புக் குறியை அழிக்கச் சொன்னார். குறி என் பெயருக்கு மாறியது, அது நியாயம். ஆனால் ஆர்டர் போன இடத்தில் துணி வெட்டத் தொடங்கியாகிவிட்டது. அதை யாராலும் திருப்ப முடியாது.

மறுநாள் காலை அந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மளமளவென்று சொல்லிவிட்டேன். நீங்கள் தாமதம் செய்யவில்லை, சரக்கை ஒன்பது நாள் நிறுத்தி வைத்தது நான், எங்கள் ஊரில் ஒரு மாதத்தை நல்ல காரியத்துக்கு ஆகாது என்பார்கள், அதனால் நிறுத்தினேன், என்னை மன்னித்துவிடு என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள் போல, அழுகை நின்றது.

"எங்களுக்குத் தெரியும் மேடம்," என்றாள். "கடைசிப் பெட்டிய ஒட்டினது நான்தான். அது எத்தன நாள் வாசல்லயே கெடந்துதுன்னும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் மன்னிப்புக் கேட்டு எழுதின?"

"தப்பு எங்களோடதுன்னு ஒத்துக்கிட்டா, திரும்பக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சோம்."

கூப்பிடுவோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளும் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.