மாமி வைக்காத கையெழுத்து

மாமி, அதாவது அப்பாவின் அக்கா, முரசுமோட்டையில் எங்களோடுதான் இருந்தார். மாமா மலாயாவில் வெள்ளைக்காரனுடைய பொலிசில் வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் யப்பான்காரர் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதாகக் கேள்வி. பிறகு ஒரு தகவலும் இல்லை. மாமி பொட்டை மட்டும் அழிக்கவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மாமாவுக்காக மாமிக்குப் பென்ஷன் கிடைக்கும் என்று சேதி வந்தது. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர்மாரின் பெண்சாதிமாருக்குக் கொடுப்பதில் காற்பங்கும் வராதாம். அப்பா திட்டித் தீர்த்தார். ஆனாலும் அந்த வருஷம் வெள்ளம் எங்கள் வயலை அழித்திருந்தது. வீட்டில் ஒருநேரம்தான் சோறு.

அப்பா மாமியைக் கிளிநொச்சியில் இருந்த அரசாங்கக் கந்தோருக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் போகும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். கந்தோர் ஐயா தன்மையானவர். மாமியைக் கதிரையில் இருத்தி, கடதாசியை வாசித்துக் காட்டினார். கணவர் இறந்துவிட்டார் என்று மாமி ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும்.

மாமி பேனையை வாங்கினார். "ஐயா, அவர் வந்தால் இந்தக் காசைத் திருப்பிக் குடுக்கலாமோ?"

ஐயா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு எப்பிடியம்மா வருவார்?"

"அவர் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லையம்மா."

"நானும் காணேல்லை." பேனையை மேசையில் வைத்தார்.

"அக்கா, ஒரு கையெழுத்துத்தானே. வையுங்கோ" என்று அப்பா கெஞ்சினார்.

"நான் வைச்சால், தம்பி, அவர் பிறகு எங்கை வாறது?"

அடுத்த கிழமை மாமி கூலிக்குக் களை பிடுங்கப் போனார். அதுவரை பிறர் வயலில் கால் வைக்காதவர். எனக்கோ கொண்டாட்டம், பள்ளி விட்டதும் மாமியிடம் வயலுக்கு ஓடிவிடுவேன்.

உள்வயல்களில் மருதமர நிழல் இருந்தது, கூலியும் அதிகம். மாமி அங்கே போகமாட்டார். பரந்தன் ரோட்டோரத்து வயல்தான் வேண்டும். வெயில் கொளுத்தும்.

"ஏன் மாமி இஞ்சை?"

"இஞ்சைதான் நல்ல காத்து."

நான் நம்பினேன். கைகளை விரித்துக்கொண்டு காற்றுக்காக வரம்பில் நின்றேன். பரந்தன் ரயிலடிப் பக்கமிருந்து பஸ் வரும் ஒவ்வொரு தடவையும் மாமி நிமிர்ந்தார். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்து, கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டார். பஸ் நிற்காமல் போனதும் மறுபடி குனிந்தார்.

பாவம், இடுப்பு நோகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.