அக்கா ஊதி ஆற்றிய பால்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. வளையல் சத்தம் கேட்டால் இன்னமும் வாசலைத்தான் பார்க்கிறேன்.

சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் பிறந்து, மாமல்லபுரத்தில் பள்ளி ஆசிரியரான மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டவர் அக்கா. தாயில்லாத தங்கையான என்னையும் கூடவே அழைத்து வந்து வளர்த்தார். அவர் சிரித்தால் தெருக்கோடிவரை கேட்கும்.

அந்தச் சிரிப்புக்குத்தான் கேடு வந்தது. ஒரு காலையில் வாய் கொப்பளித்தவர், "இன்னாடி இது, தண்ணி ஒரு பக்கமாவே ஒழுகிகினு கீது?" என்றார். பார்த்தேன். வலது கண் மூடவில்லை. வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, முக நரம்பு செயலிழந்திருக்கிறது என்றார். கண்ணுக்குக் கட்டுப் போட்டார். கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்து மேல்நோக்கித் தேய்க்கச் சொன்னார். "தினமும் விளக்கை ஏத்தி வாயால ஊதி அணைச்சுப் பழகுங்க. விட்டுட்டா முகம் இப்படியே நின்னுடலாம்."

வீடு திரும்பியதும் அக்கா ஒரே பிடிவாதம். "விளக்க வாயால ஊதி அணைச்சா வூடு வெளங்குமா? மூஞ்சி கோணிகினே கெடக்கட்டும்!" விளக்கைப் பூவால் அமர்த்துகிறவரிடம் யார் வாதாடுவது? சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சிரிப்பதையே விட்டுவிட்டார்.

பொறுக்க முடியாமல் ஒரு மாலை, ஏடு படர்ந்த சூடான பாலை அவரிடம் நீட்டினேன். "நாக்கு சுடுதுக்கா. ஊதிக் குடு."

"தாவணி போட்ட கழுதைக்குப் பால் ஊதணுமா?"

திட்டிக்கொண்டே ஊதினார். காற்றெல்லாம் வலது கடைவாய் வழியே போயிற்று, ஏடு அசையவில்லை. மறுநாளும் நீட்டினேன். மாமாவும் தம் தம்ளரோடு என் பின்னால் வந்து நின்றார். "அய்ய, உங்களுக்குமா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஊதினார்.

வாரங்கள் போயின. ஒருநாள் ஏடு சுருங்கி, தம்ளரின் எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. மூவரும் அதையே பார்த்தோம். அக்கா சிரித்தார். முந்தானையைத் தேடவில்லை. அந்தச் சிரிப்பை இப்போது இன்னொரு தரம் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே!

குணமான பிறகும் என் பாலை அக்காதான் ஊதித் தந்தார், போன ஆண்டு விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோகும்வரை.

டாக்டரம்மாவுக்கும், காய்ச்சலில் உடனிருந்து பார்த்துக்கொண்ட தெருவாருக்கும், திருக்கழுக்குன்றத்திலிருந்து ஓடிவந்த உறவினருக்கும் எங்கள் நன்றி. அக்காவை எடுத்துச் சென்றபின் எதிர்வீட்டு அம்மா எனக்குச் சூடாகப் பால் கொடுத்தார். நான் குடிக்கவில்லை என்று அவருக்கு இன்னமும் வருத்தம். மன்னியுங்கள் அம்மா. தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்கா வந்து ஊதித் தருவார் என்று உட்கார்ந்திருந்தேன்.