கண்ணில் விட்ட இனிப்பு

அவளுடைய வலது கண் ஓயாமல் அழும். மனசு சிரித்துக்கொண்டிருக்கும்போதும் கண் பாட்டுக்கு அழும். கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிற சின்னக் குழாய் அடைத்துப்போய்விட்டது. போக வழியில்லாத கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் தெரு அதோடு விடுமா? ‘அழுமூஞ்சி அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டது.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த துண்டு இடம்தான் அவள் தையல் கடை. புதுத்துணி தைப்பதில்லை. நீளமான பேன்டைக் குட்டையாக்குவது, போன ஜிப்பை மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து இடம் விடுவது. வெள்ளைத் துணி வந்தால் மட்டும் கண்ணீர் சொட்டிவிடுமோ என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு மிஷினை மிதிப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கார் ஓட்டப் பழகுகிறவள் போலத் தோன்றும்.

துக்க வீடுகளில் அவளுக்குத் தனி மரியாதை. யார் செத்தாலும் ஒரு கண்ணாவது அழுகிறதே! கல்யாண வீட்டில்தான் சங்கடம். ஒருமுறை மணப்பெண்ணின் அம்மா அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், “உண்மையைச் சொல்லுங்கக்கா. மாப்பிள்ளையைப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டீங்களா?” என்று நடுங்கினாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்ல வராது. “நாளைக்கே வேணும்” என்பவர்களுக்கெல்லாம் தலையாட்டுவாள். நாத்தனார் வீட்டில் சர்க்கரை போட மறந்த காப்பியைக் குடித்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்கு” என்பாள். ஏன் இப்படி என்று புருஷன் கேட்டால், “பாவங்க, அவங்க முகம் வாடிரும்ல?” என்பாள்.

புருஷன் பழைய பேருந்து ஓட்டுநர். வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் தெருவில் ‘டிரைவர்’ என்றால் அவர்தான். முதுமை அவர் விழித்திரையின் நடுப்பகுதியைத் தேய்த்துவிட்டது. ஓரமெல்லாம் தெரியும், எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. மனைவியைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கருப்புத் திட்டு. ஆசை ஆசையாய்ப் பார்த்த முகத்தை விதி இப்படியா மறைக்க வேண்டும்! அதனால் யாரோடு பேசினாலும் தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பார். புதியவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு இடது கண்ணில் சிறு வயதிலிருந்தே பார்வை குறைவு. ஆக, அந்த வீட்டில் இருவருக்கும் சேர்த்து உருப்படியாக இருந்தது ஒரே ஒரு கண். அழுகிற அந்த வலது கண். அதிலும் இப்போது புரை விழுந்துவிட்டது.

கண் மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் பரிசோதித்தார். கண்ணின் உள்மூலையை விரலால் லேசாக அழுத்தினார். பிசுபிசுவென்று வெளியே வந்தது.

“கண்ணீர்ப் பையில சீழ் தேங்கி நிக்குதும்மா. இதை வச்சுக்கிட்டுப் புரையை எடுத்தா கிருமி கண்ணுக்குள்ள போயிடும். முதல்ல கண்ணீருக்கு வழி பண்ணணும்.”

அந்த மருத்துவமனையில் வயதானவர்களுக்கென்று ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மூக்கு வழியாக உள்ளே போய், கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புது வழி திறந்துவிடுவார்கள். சிலருக்கு அந்த வழியில் மெல்லிய குழல் ஒன்றைக் கொஞ்ச காலம் வைத்து எடுப்பார்கள், சிலருக்கு வைக்கமாட்டார்கள். யாருக்கு வழி மூடாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். “சேர்ந்துக்கறீங்களா?” என்று கேட்டார்கள். அவள் யாருக்கு இல்லையென்று சொல்லியிருக்கிறாள்?

அறுவை நல்லபடியாக முடிந்தது. அதன்பின் அவ்வப்போது ஆய்வு நர்ஸிடம் போய்க் காட்ட வேண்டும். நர்ஸ் கண்ணில் ஒரு சொட்டு இனிப்பு நீர் விடுவாள். வழி திறந்திருந்தால் அது கண்ணீரோடு மூக்குக்குள் இறங்கித் தொண்டையில் இனிக்கும். கண்ணோரத் துளையில் ஊசிக்குழலால் தண்ணீர் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. அது வயதானவர்களை வருத்தும் என்பதால், சந்தேகம் வந்தால்தான் செய்வார்கள்.

முதல் தடவை நிஜமாகவே இனித்தது. “கண்ணால சர்க்கரை தின்னது உலகத்துலேயே நான்தான்!” என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கன்னம் காய்ந்து கிடந்தது. தெருவே அவள் முகத்தை அதிசயமாகப் பார்த்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. சில வாரங்களில் கண் மறுபடி கசியத் தொடங்கியது. உள்மூலையில் பட்டாணி அளவுக்கு வீக்கம். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போகிற காலையில் கண்ணாடி முன் நின்று, மூலையை அழுத்தி அழுத்தித் தேங்கியதையெல்லாம் வெளியேற்றி, வெந்நீரால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டாள். விருந்தாளி வருவதற்குள் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவள் மாதிரி.

பரிசோதனை அறை சின்னது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, மூலையில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கும் இனிச்சிட்டா, புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடலாம்மா” என்றாள் நர்ஸ்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் தலையை நீட்டினார். “என்னம்மா, நாம போட்ட ரோடு எப்படி இருக்கு?” அவர் முகமெல்லாம் பெருமை.

சொட்டு விழுந்தது. அவள் காத்திருந்தாள். தொண்டையில் ஒன்றுமில்லை. காலையில் குடித்த தண்ணீரின் ருசிகூட இல்லை. கன்னத்தில் மட்டும் ஈரம் இறங்கியது. சட்டென்று முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

“இனிக்குதாம்மா?”

“ம்... இனிக்குதும்மா. ரொம்ப நல்லா இருக்கு.”

ஸ்டூல் கிறீச்சிட்டது. “நர்ஸம்மா, அதைப் பதிவு பண்ணாதீங்க. அவ பொய் சொல்றா.”

“ஏங்க! கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்!”

“என் தங்கச்சி வீட்டுக் காப்பியைக் குடிச்சிட்டுச் சொல்லுவாளே ‘ரொம்ப நல்லா இருக்கு’ன்னு, அதே குரல் டாக்டர் இது. எனக்கு இவ முகம்தான் தெரியாது.”

நர்ஸ் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நாற்காலியில் இருந்தவளோ கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் கண்ணீர் வழிந்தது. இந்த முறை இடது கண்ணிலிருந்தும்! அது காரணமில்லாமல் அழத் தெரியாத கண்.

“ஆமாம்மா, இனிக்கலை. போன மாசத்துலேருந்தே திரும்ப அடைச்சுக்கிச்சு. டாக்டர் தம்பி எவ்வளவு பாடுபட்டுச்சு... எப்படி இல்லைன்னு சொல்றது? அதுவும் போக, மறுபடி முதல்லேருந்துன்னா நான் எப்போ புரை எடுக்கறது? போன வாரம் இவருக்குக் காலை மாத்திரைன்னு ராத்திரி மாத்திரையைக் குடுத்துட்டேன். எழுத்து தெரியலை. பகல் பூரா அடிச்சுப்போட்ட மாதிரி கிடந்தாரு. மூக்குல கையை வச்சு வச்சுப் பார்த்துக்கிட்டுப் பக்கத்துலேயே உக்காந்திருந்தேன். என் கண்ணு எக்கேடு கெட்டா என்ன, இவருக்கு யாரு இருக்கா?”

“அதான் அன்னைக்கு அப்படித் தூங்கினேனா?” என்றார் டிரைவர். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் கடைசி எழுத்து உடைந்துபோயிற்று. கையை நீட்டித் துழாவினார். முதலில் நாற்காலியின் கை கிடைத்தது, பிறகு அவள் தோள் கிடைத்தது.

டாக்டர் உள்ளே வந்து ஊசிக்குழலை எடுத்துத் தண்ணீர் செலுத்தினார். போன வேகத்தில் அது கலங்கலாகத் திரும்பி வந்தது. அவர் பஞ்சால் துடைத்துவிட்டார்.

“இதைக் கவனிக்காம உங்க கண்ணைத் திறந்திருந்தேன்னா... இருக்கிற ஒரே கண்ணையும் என் கையாலேயே போக்கியிருப்பேன். நீங்களும் ‘ரொம்ப நல்லா இருக்கு தம்பி’ன்னு சொல்லியிருப்பீங்க.”

“அப்படிச் சொல்லாதீங்க தம்பி.”

“என் வழி மூடிடுச்சுன்னா மூடிடுச்சுன்னு திட்டுங்கம்மா. அதைக் கேக்கறதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. எல்லாரும் எனக்காக இனிக்குதுன்னு சொல்லிட்டா, அடுத்து வர்றவங்களுக்கு நான் எதை நம்பிக் கத்தி வைக்கிறது?”

நர்ஸ் யோசித்தபடி நின்றாள். இதுவரை எத்தனை பேர் அவள் முகத்துக்காக இனிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்களோ! அன்றிலிருந்து அவள் ‘இனிக்குதா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். டாக்டரும் இனிமேல் எல்லோருக்கும் தண்ணீர் செலுத்திப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

இரண்டாம் முறை அறுவை நடந்தது. புது வழியைத் தழும்பு வளர்ந்து மூடியிருந்தது. அதை நீக்கிவிட்டு, இந்தத் தடவை வழியை அகலமாகத் திறந்தார்கள். ஆறியபின் மறுபடி அதே நாற்காலி, அதே சொட்டு.

“தொண்டையில ஏதாவது தெரியுதாம்மா? ஒண்ணும் தெரியலைன்னா அதையே சொல்லுங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நேரம் போயிற்று. “ஒண்ணும் இல்லைம்மா” என்றாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். ஆகாயம் இடிந்து விழவில்லை. நர்ஸ் முகமும் வாடவில்லை.

ஸ்டூலில் டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“இருங்க... மூக்குக்குப் பின்னாடி என்னவோ... இனிப்புதான். ஆனா...”

“ஆனா?”

“கடைசியில ஒரு மாதிரி கசக்குதும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க.”

நர்ஸ் கைகொட்டினாள். “கசக்கும்மா! இந்த மருந்துக்கு அந்தக் கசப்பு உண்டு. இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட சொன்னதில்லை!”

“முதல் தடவையே கசந்துச்சு. சொன்னா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்.”

தண்ணீர் செலுத்திப் பார்த்தபோதும் தங்குதடையில்லாமல் உள்ளே இறங்கியது. அதன் பிறகு புரையை எடுத்தார்கள். மறுநாள் மருத்துவமனையில் கட்டைப் பிரித்ததும், கறுப்புக் கண்ணாடியை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவர் ஜன்னலோரம் போய், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நின்றுகொண்டார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவர் அவ்வளவு பதறியிருக்கமாட்டார்.

“பாருடி. எப்படி இருக்கேன்?”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஒவ்வொரு சுருக்கமாக, ஒவ்வொரு நரையாக, நிதானமாகப் பார்த்தாள். 

“கிழவனாயிட்டீங்க.”

“அது எனக்கே தெரியும். வேற?”

“இடது தாடையில கொத்தா முடியை விட்டுட்டு மழிச்சிருக்கீங்க. மீசையில ஒரு பக்கத்தைக் காணோம். கடவுளே! எவ்வளவு நாளாங்க இந்தக் கோலத்துல தெருவுல நடமாடறீங்க?”

“தினமும் உன்கிட்ட காட்டிட்டுத்தானேடி போறேன்! ‘ராஜா மாதிரி இருக்கீங்க’ன்னு நீதானே அனுப்பிவைப்பே!”

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்தி, ரேசரை எடுத்தாள்.

“அசையாதீங்க” என்றாள்.