ஐஸ் கம்பெனியில் போட்டுப் பார்த்த ஜாக்கெட்

அன்றைக்கு வேனில் இருந்தவர்கள் மூன்று பேர். வேனுக்குச் சொந்தக்காரரும் அதை ஓட்டியவருமான மச்சான் முருகேசன், என் அக்கா வீட்டுக்காரர். நடு சீட்டில் என் அய்யா சோணைமுத்து, வயது எழுபத்தாறு, மூச்சிழுப்பு உள்ளவர். அவருக்குப் பக்கத்தில் நான். அக்கா வரவில்லை. அக்கா வந்திருந்தால் இந்தக் கூத்து ஒன்றும் நடந்திருக்காது என்று மச்சான் போகும்போது நாலு தடவை, வரும்போது நாலு தடவை சொன்னார்.

அபிராமத்தை விட்டுக் கிளம்பும்போது காலை 5.40. கார்த்திகை மாதக் கடைசி. போன காரியம் இரண்டு. மார்கழியில் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பதினாறு பேர் காசிக்குப் போகிறார்கள், அதில் அய்யாவும் ஒருவர். காசிக்குப் போகிறவர்கள் சேதுக்கடல் மணலை எடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகையில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் சேர்க்க வேண்டும். அது முறை. மதுரையில் ரயில் ஏறுவதால் மணலை அவரவரே முன்கூட்டி எடுத்துவரச் சொல்லிவிட்டார்கள். ஆக, தனுஷ்கோடியில் மணல் எடுப்பது ஒரு காரியம். போகிற வழியில் ராமநாதபுரத்தில் அய்யாவுக்குக் குளிர் தாங்க ஒரு சட்டை எடுப்பது இன்னொரு காரியம்.

இந்தச் சட்டைதான் ஒரு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது. போன வருஷம் காசிக்குப் போய்வந்த ஒருவரிடம் குளிர் எப்படி என்று கேட்டேன். "பேசுனா வாயில புகை வருதுப்பா, பீடி குடிக்காமலே" என்றார். எங்கள் ஊர்க் கார்த்திகைத் தூறலுக்கே அய்யாவுக்கு நெஞ்சு விசில் அடிக்கும். அங்கே என்ன ஆகும்? நான் கூடப் போகலாம் என்றால் மிளகாய்க்குக் களையெடுக்கிற நேரம். போகவேண்டாம் என்று அய்யாவிடம் நாலுவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். "பணம் கட்டியாச்சு" என்பதோடு முடித்துக்கொண்டார். அம்மா இருந்தபோது இருவரும் சேர்ந்து போவதாக ஆரம்பித்த சேமிப்பு அது. அதற்கு மேல் நான் என்ன பேச?

பரமக்குடியில் டீ. ஒரு டீ 12 ரூபாய், வடை 8 ரூபாய். டீ ஆறுவதற்குள் மச்சான் கிளப்பிவிட்டார்.

ராமநாதபுரத்தில் முதல் கடை திறந்தபோது மணி 9.20. ஊரிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கவுண்டரில் இருந்த பெண், நான் கேட்டதை உள்ளே இருந்தவளுக்கும் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. "ராம்நாட்டுல குளிர்ச்சட்டை கேக்குறாக, ஏட்டி!" இரண்டாவது கடையில் மழைக்கோட்டு மட்டும் இருந்தது, 650 ரூபாய். அய்யாவுக்கு மாட்டிவிட்டோம். மூன்று நிமிஷத்தில் நெல் அவித்தது போல ஆவி பறக்கக் கழற்றினார்.

மூன்றாவது கடை ஒரு பாயுடையது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் பைக் ஓட்டும் பையன்களுக்கும் துணி வைத்திருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டு ஜாக்கெட்டுகளை எடுத்துப் போட்டார். சாஃப்ட்ஷெல் என்று பெயராம்.

"ஜாக்கெட்டா?" என்றார் அய்யா. "எனக்கா? என்னப்பா, அத பொம்பளைகள்ல போடுவாக."

"ஆம்பளை ஜாக்கெட்டு அத்தா இது. கைய நீட்டுங்க" என்று பாய் மாட்டிவிட்டு, கீழே குனிந்து ஜிப்பைப் பொருத்திக் கழுத்துவரை சர்ரென்று இழுத்தார். "மேல் துணி நெருக்கமா நெய்தது, காத்த விடாது. உள்ள பாருங்க, பூனைக்குட்டி மாதிரி இருக்கும், அது சூட்டுக்கு. இழுத்தா இழுபடும், கையைத் தூக்கலாம், குனியலாம். வேர்வையும் உள்ள கெடந்து ஊறாது."

"மழைக்கு?"

"தூறலுக்குத் தாங்கும். அடைமழைக்கு ஆகாது. பொய் சொல்லி விக்க மாட்டேன்." டம்ளரில் இருந்து கொஞ்சம் தண்ணீரை ஜாக்கெட் கையில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு என் செருப்பில் விழுந்தது.

கறுப்பு, மீடியம், தொப்பி இல்லாதது, 1,850 ரூபாய். நீலம், லார்ஜ், கழற்றி மாட்டும் தொப்பி வைத்தது, 2,400 ரூபாய். ஜாக்கெட் கையில் தொங்கிய விலைச் சீட்டில் எல்லாம் இங்கிலீஷ். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்தைக் கூட்டுவதற்குள் மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். கறுப்பு, கோயிலுக்குப் போகிற மனுஷனுக்கு ஆகுமா? நீலத்துக்குக் கை நீளமாக இல்லையா? துவைத்தால் அந்தத் தண்ணீர் உருள்வது போய்விடுமா? வந்த பிறகு ஊரில் போட முடியுமா, இல்லை பெட்டியில் கிடக்குமா?

"போடலாம் தம்பி. விடிகாலை வண்டியில போறப்ப, பனியில வயலுக்குப் போறப்ப போடலாம். வருஷம் பூரா போடுற துணிதான்" என்றார் பாய்.

"ஆயிரத்து எண்ணூத்தம்பது குடுத்தா, நான் பொங்கலுக்கும் அதையேதான் போடுவேன், தீவாளிக்கும் அதையேதான் போடுவேன்" என்றார் அய்யா.

நான் பன்னிரண்டாவது கேள்வியை ஆரம்பித்தபோது பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, ரெண்டையும் கொண்டு போங்க. அங்கன கடல் காத்துல போட்டுப் பாருங்க. ஆயிரம் ரூவா குடுத்துட்டுப் போங்க. பொழுதுசாய வந்து வேணாங்குறதத் திருப்பித் தாங்க. சீட்டப் பிய்க்கக் கூடாது, அழுக்காக்கக் கூடாது. அம்புட்டுத்தான்." அந்த ஆயிரம் ரூபாயை நான் இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு ஜாக்கெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அழுக்காகக் கூடாது, அழுக்காகக் கூடாது என்றே பாம்பன் வரை போனேன்.

பாம்பன் பாலத்தில் ஏறும்போது 11.30. நிறுத்தக் கூடாது என்று போலீஸ் விரட்டுகிற இடம், ஆனால் எல்லோரும் நிறுத்தத்தான் செய்கிறார்கள். கீழே இரண்டு பக்கமும் கடல், பக்கத்தில் ரயில் பாலம், படகுகள் தீப்பெட்டி அளவுக்கு. வந்தவர்கள் எல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அய்யாவுக்கு நீல ஜாக்கெட்டைக் கொடுத்தேன், மச்சான் ஜிப்பைப் போட்டுவிட்டார். காற்று அடித்த அடியில் அய்யாவின் வேட்டி இடுப்பளவுக்கு உப்பியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"எப்படி இருக்குய்யா?" என்று கத்தினேன்.

"மேல காத்து ஏறல!" என்று வேட்டியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு அவரும் கத்தினார். "கீழதான் ஏறுது!"

காற்று சரி. ஆனால் அது வெதுவெதுப்பான காற்று. காசியில் அடிப்பது அப்படியா இருக்கும்? இதை வைத்து எப்படி முடிவு செய்வது? மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. "குளிரு வேணும்னா நம்ம ஜில்லாவுல ஐஸ் கம்பெனிக்குள்ளதான் போகணும், மாப்ளே."

அவர் குத்தலாகத்தான் சொன்னார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. "போவோம் மச்சான்" என்றேன். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

பாம்பனில் மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி ஒன்றில் அந்தோணி என்பவர் வேலை பார்க்கிறார். மச்சான் மீன் லோடு அடித்த காலத்துப் பழக்கம். காசிக் குளிருக்குச் சட்டை சோதிக்க வந்திருக்கிறோம் என்றதும் அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு ஐஸ் பாளங்களை அடுக்கிவைக்கும் அறைக் கதவைத் திறந்தார். கதவு முக்கால் அடி கனம். உள்ளே இருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

"பெரியவரே, பாத்து வாங்க, வழுக்கும்" என்று கறுப்பு ஜாக்கெட்டின் ஜிப்பை அவரே இழுத்துவிட்டு அய்யாவை உள்ளே கூட்டிப்போனார். பத்து நிமிஷம் என்று கணக்கு. நான் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது நிமிஷம் கதவைத் தட்டினேன். "இருக்கேன்லே!" என்று உள்ளிருந்து சத்தம். நாலாவது நிமிஷம் மறுபடி தட்டினேன். "இவன் ஒருத்தன்" என்று அய்யா அந்தோணியிடம் சொன்னது கேட்டது. ஆறாவது நிமிஷம் இருமல் கேட்டது. நானே கதவைத் திறந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"பாளம் ஒன்னு என்ன வெலைன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன், அதுக்குள்ள" என்று கோபித்துக்கொண்டார். உதடு மட்டும் நிறம் மாறியிருந்தது.

அந்தோணி சொன்னதுதான் அன்றைக்கு உருப்படியான பேச்சு. "அண்ணே, இது காத்துக்கு உள்ளது. நடந்துக்கிட்டு இருந்தா இதுவே போதும். ஒரே எடத்துல நின்னா தனியா இது பத்தாது. உள்ளுக்க ஒரு ஸ்வெட்டர் போட்டு மேல இதப் போட்டா, காசி என்ன, எமலோகமே போகலாம்." அவரும் பனியனுக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் சட்டையுமாகத்தான் நின்றார். "ஸ்வெட்டருக்கு எடம் வேணும்ல? அதனால ஒரு சைஸ் பெருசா எடுங்க."

அப்படியானால் நீலம். முடிந்தது என்று மச்சான் வேனைத் திருப்பினார். நான், நீலத்தின் கை நீளத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். ராமேஸ்வரம் வரும்வரை மச்சான் பாட்டைச் சத்தமாக வைத்து ஓட்டினார். சாப்பாடு 120 ரூபாய், அய்யா மோருக்கு மேல் ஒன்றும் தொடவில்லை.

தனுஷ்கோடி 3.10. ராமேஸ்வரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், கடைசித் துண்டு ரோட்டில் இரண்டு பக்கமும் கடல் கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. அய்யா நீல ஜாக்கெட்டோடு இறங்கினார், திறந்தபடியே. வானம் மூடியிருந்தது. தண்ணீர்வரை நடந்து, கும்பிட்டு, குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளினார்.

"செம்பு" என்றார்.

இழுப்பு மருந்து, மாத்திரை, சுடுதண்ணீர், மாற்று வேட்டி, டார்ச் லைட், எல்லாம் கொண்டுவந்திருந்தேன். வீட்டு வாசலில் மஞ்சள் துணி சுற்றி வைத்த செம்பு வீட்டு வாசலிலேயே இருந்தது. மச்சான் வேனுக்கு ஓடி ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தார். சேது மணலைப் பாலிதீனில் போடுவதா என்று அய்யா பார்த்த பார்வையில் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"துண்டுல முடிங்க மாமா."

"இது கட்டிக் குளிச்ச துண்டு, மாப்பிள்ளை. கோடித் துணி வேணும்." சொல்லிவிட்டு, குனிந்து தன் மேலேயே பார்த்தார். புதுசு, துவைக்காதது, சீட்டுகூடக் கிழிக்காதது. ஜாக்கெட்டின் உள்பையைத் திறந்து, ஈர மணலை மூன்று கை உள்ளே போட்டார். பையின் ஜிப்பை இழுத்து மூடி, மேலே தட்டிக்கொண்டார்.

"அய்யா! அதத் திருப்பிக் குடுக்கணும்னா?"

"எடுத்த மண்ணு எடுத்ததுதான். இனி பிரயாகையிலதான் கொட்டணும்."

"இன்னும் முடிவே பண்ணலையே! கை நீளம்…"

"ஏலே." அவர் சத்தம் போடவில்லை. "கறுப்புல ஒரு குத்தம், நீலத்துல ஒரு குத்தம், காத்து சூடா இருக்குன்னு ஒரு குத்தம். ஒனக்குச் சட்டை பிடிக்கலையா, நான் போறது பிடிக்கலையா?"

மச்சான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு சட்டையும் சரிப்படவில்லை என்றால் பயணம் நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேனோ என்னவோ. நினைத்தேன்தான்.

அப்போது தூறல் ஆரம்பித்தது. காற்று திரும்பி நேராக நெஞ்சில் அடித்தது. அய்யா ஜாக்கெட்டை மூடப் பார்த்தார். இந்த ஜிப், பையின் ஜிப் மாதிரி இல்லை. கீழே ஒரு பக்கத்து முனையை மறுபக்கத்துக் குழிக்குள் சரியாகச் செருகினால்தான் மேலே ஏறும். முனையைப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார். மண்வெட்டி பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரல்கள், சின்ன முனை அவற்றுக்குள் நிற்கவில்லை. மூன்றாவது தடவைக்கு எங்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கடையில் பாய், பாலத்தில் மச்சான், ஐஸ் கம்பெனியில் அந்தோணி. காலையிலிருந்து வேறு யாராவதுதான் போட்டுவிட்டிருக்கிறார்கள். நூறு குற்றம் கண்டுபிடித்த நான் இதைப் பார்க்கவில்லை.

ஈர மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து செருகிவிட்டேன். ஜிப் ஒரே இழுப்பில் ஏறியது. தூறல் அவர் தோளில் உருண்டு விழுந்தது. பாய் சொன்னது பொய் இல்லை.

"அங்கன யாருய்யா இத மாட்டிவிடுவா?"

"பதினஞ்சு பேரு வாராகள்ல. யாராச்சும்…" என்றார்.

நாலரைக்குக் கிளம்பினோம். அய்யா நெஞ்சுப் பையில் கைவைத்தபடி தூங்கிவிட்டார். வேனில் என் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. பாலத்தில் காற்றும் தூறலும் உள்ளே வந்தன. மடியில் கறுப்பு ஜாக்கெட் இருந்தது. விலைச் சீட்டு கசங்காமல் போட்டுக்கொண்டேன். எனக்கு அளவாக இருந்தது. உச்சிப்புளி தாண்டியும் கழற்றவில்லை. எங்கள் ஊரில் எனக்கு நெஞ்சை மூட ஒன்றும் தேவைப்பட்டதில்லை. தலைக்கு ஒரு துண்டு போதும். காற்று வெளியே அடிக்கிறது, நாம் உள்ளே இருக்கிறோம் என்பது புதுசாக இருந்தது.

ராமநாதபுரம் 6.15. பாய் கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். அய்யாவை எழுப்பாமல் நானும் மச்சானும் இறங்கினோம்.

"பொத்தான் வச்சது எதுவும் இருக்கா பாய்?"

"பொத்தான் சந்துல காத்து வரும் தம்பி. எது திரும்புது, சொல்லுங்க."

"திரும்பல பாய். ரெண்டும் இருக்கட்டும்."

பாய் என்னைப் பார்த்தார், நான் போட்டிருந்த கறுப்பைப் பார்த்தார். மச்சான்தான் பேசினார். "டிக்கெட்டு?"

"ஒத்த டிக்கெட்டு கெடைக்குமான்னு கேட்டுப் பாப்போம். இல்லாட்டி அய்யா கூட நின்னுக்கிட்டே போறேன். அக்காவ மட்டும் களையெடுப்புக்கு ரெண்டு நாளு நிக்கச் சொல்லுங்க."

"ரெண்டு நாளு இல்ல மாப்ளே, காசி போய்வர பன்னெண்டு நாளு" என்றார் மச்சான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாய் கத்தரிக்கோலை எடுத்து என் ஜாக்கெட் கையில் தொங்கிய சீட்டை வெட்டினார். இரண்டும் சேர்த்து 4,250 ரூபாய். காசிக்குப் போகிறவர்கள் என்று 250 குறைத்தார். காலையில் கொடுத்தது 1,000. பெட்ரோல், சாப்பாடு போகக் கையில் இருந்தது 400, அதையும் கொடுத்தேன். பாக்கி 2,600 ரூபாய் கடன்.