மெயின் சுவிச் முன்வீட்டில்

வவுனியாவில் நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்வளவில் நின்ற கொட்டிலில். விசுவமடுவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு, என் கணவரின் தூரத்து உறவான அந்த வீட்டுக்காரர்தான் பொறுப்பு நின்றார். அவர் கையெழுத்து வைக்காவிட்டால் முகாமுக்குத்தான் போயிருக்க வேண்டும். அதனால் அவர் எது சொன்னாலும் "ஓம் அண்ணை" என்று தலையாட்டிப் பழகியிருந்தேன்.

கொட்டிலுக்குக் கரண்டும் அவர்தான் தந்தார். தந்தார் என்று சொல்லவே எனக்கு இன்றைக்கும் வயிறெரிகிறது. தன் வீட்டு மெயின் சுவிச்சுக்குப் பிறகிருந்து ஒரு வயரை இழுத்து, தென்னையில் கட்டி, எங்கள் சுவரில் ஒரு பியூஸ் பலகையில் கொண்டுவந்து முடித்துவிட்டார். அங்கே நிறுத்தினால் இங்கேயும் இருட்டு. அந்த மனுசனோ கேற்றைத் தாண்டுவதென்றாலே மெயினை நிறுத்துகிறவர். பத்திரப் பையைத் தோளில் போடுவது, மெயினை நிறுத்துவது, கதவைப் பூட்டுவது. போனால் திரும்பி வருவோமா என்று தெரியாத காலத்தில் அந்த ஊரில் பலருக்கும் இருந்த பழக்கம்தான். அதற்காக, உள்ளே ஆள் குடியிருக்கிற இடத்தையும் சேர்த்து நிறுத்துவார்களா?

நான் ஒரு பலகைப் பெட்டிக்குள் பல்புகளைக் கொளுவி, சூட்டில் முட்டைகளை அடை வைத்திருந்தேன். குஞ்சு பொரித்தால் நிவாரண அரிசிக்கு ஏங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வெளிக்கிட்டால் ஒரு சொல் சொல்லச் சொல்லி அவரிடம் எத்தனையோ தரம் கேட்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் "ஓம் பிள்ளை" என்றார்.

பொரிக்கிற கிழமை மார்கழி மழை பிடித்துக்கொண்டது. நானும் கணவரும் வவுனியாவில் தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்கப் போய், பகல் முழுக்க வரிசையில் நனைந்தோம். திரும்பி வந்தால் முன்வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. கலியாணத்துக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓடிப்போய்ப் பெட்டிக்குள் கை வைத்தேன். முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. முன்வீட்டு ஜன்னல் கம்பிக்குள்ளால் பார்த்தால் மெயின் சுவிச் கண்ணுக்கு நேரே தெரிகிறது. மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடியை உள்ளே விட்டுத் தட்டிப் பார்த்தோம், எட்டவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். கைவிளக்குகளைக் கொளுத்திப் பெட்டிக்குள் வைத்தேன். புகைதான் மிச்சம்.

மறுநாள் மத்தியானம்தான் அவர்கள் வந்தார்கள். அதற்குள் நான் முட்டைகளை உடைத்துப் பார்த்துவிட்டேன். சொண்டும் இறகும் வந்த குஞ்சுகள், அத்தனையும் செத்திருந்தன. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எல்லாம் பாதுகாப்புக்குத்தானே என்றார். அவர் மனைவி கலியாணப் பலகாரத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. அழுகை கூட வரவில்லை, அப்படி ஒரு ஆத்திரம்.

என் கணவர் தான் வேலை செய்த அரிசி ஆலையிலிருந்து ஒரு வயரிங்காரரைக் கூட்டிவந்தார். அவருடைய மெயினுக்கு முன்னாலேயே மீற்றரிலிருந்து தனி வயர் எடுத்து, கொட்டில் சுவரில் எங்களுக்கென்று தனி மெயின் சுவிச் பூட்டினோம். வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பொறுப்புக் கையெழுத்தை மீளப் பெற்றுவிடுவாரோ என்று கணவர் பயந்தார். எனக்கும் பயம்தான்.

அடுத்த ஞாயிறு அவர்கள் எங்கேயோ புறப்பட்டார்கள். நான் பெட்டிக்குள் புது முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மனுசன் தன் வீட்டைப் பூட்டி, தோளில் பையோடு வளவைக் கடந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் எங்கள் கொட்டிலுக்குள் நுழைந்து, எங்கள் சுவிச்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"நாங்கள் வெளிக்கிடுறம் பிள்ளை. இதையும் நிப்பாட்டிப்போட்டுப் போறன்."

நான் எழும்பிப் போய் அவர் கைக்கும் சுவிச்சுக்கும் நடுவில் நின்றேன்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ அண்ணை. நான் வீட்டில நிக்கிறன்."

இதுவா வீடு என்று கேட்கிறவர் போல அவர் கிடுகுக் கூரையைப் பார்த்தார், மண் சுவரைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன்.